டீச்சரின் கண்ணும் இரண்டு சின்னக் கிளிகளும்

மலேசியாவுக்கு எதற்காகப் போகிறேன் என்று ஊரில் யாரிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை. "காலேஜ் வேலையா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். இரண்டு கிளிகளுக்குத் தீனி வைக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அப்பாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவர் வாத்து மேய்ப்பவர். அறுவடை முடிந்த வயல்களில் முந்நூறு வாத்துகளை ஒற்றை ஆளாக ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். விலங்கியல் படித்து, ஒரு சின்னக் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பறவைக்கு ஒரு ஆளு. அதுவும் பிளேன்ல."

அனுப்பியவர் எங்கள் பேராசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அக்கா கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். ரயில்வே கிளார்க்காக இருந்த கணவர் காலமாகிவிட்டார். அக்கா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். வலது கண் சிறு வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆனால் டீச்சர் மாட்டேன் என்கிறாராம்.

"கிளியளை ஆர் பாக்கிறது எண்டு நிக்கிறாள்" என்றார் பேராசிரியர். "உமக்குப் பறவை தெரியும். நீர் போம்."

இப்படித்தான் எழுபதுகளின் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தோலுரித்த ரம்புத்தான் பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கொட்டையை முழுங்குவதா துப்புவதா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ரயில் போனபோது அலமாரியில் இருந்த கோப்பைகள் எல்லாம் ஒருமுறை கிணுகிணுத்து அடங்கின.

கிளிகளைத் தேடினேன். ஜன்னலோரம் ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. உள்ளே இரண்டு பச்சைக் குருவிகள்.

"கிளி எங்க டீச்சர்?"

"உதுதான் கிளி."

"இவ்வளவு சின்னதா?"

"ஏன், பெரிசெண்டால்தான் உமக்குத் தெரியுமோ?"

எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். டீச்சர் சொன்னது சரி. அலகு கிளியலகுதான். ஆனால் உடம்பு என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம். வால் இருக்கிறதா என்று கேட்கும்படி குட்டை. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றின் கழுத்தை மற்றது கோதிக்கொண்டிருந்தது. ஆண் சிறகை விரித்தபோது உள்ளே பளீரென்று நீலம் தெரிந்தது. பெண் முழுப் பச்சை. அதனால் அவனுக்கு நீலன், அவளுக்குப் பச்சை என்று பெயர். அமேசான் காட்டுப் பக்கத்துச் சிறு கிளிகளைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் அரைப் பக்கம் படித்துவிட்டு வந்திருந்தேன். கூட்டமாகத் திரியும், புல் விதை தின்னும், இலைக்கு நடுவே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அந்த அரைப் பக்கத்தின் கடைசி வரி எனக்கு என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இவை கோலாலம்பூருக்கு எப்படி வந்தன என்றால், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் மணியம் என்பவர் ஒரு கப்பல்காரரிடம் வாங்கி, டீச்சருக்குக் கொடுத்தாராம். மணியம் ஒரு காலத்தில் டீச்சரிடம் கணக்கில் தோற்ற மாணவர்.

புதன்கிழமை முழுக்க எனக்குப் பாடம். டீச்சர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். தினை காலையில் ஒரு கரண்டி. தண்ணீர் இரண்டு வேளை மாற்ற வேண்டும். கடித்தால் கத்தக்கூடாது.

"கத்தினால் என்ன டீச்சர்?"

"பயந்து நாலு நாளைக்குச் சாப்பிடாதுகள். கடி வாங்கிக்கொண்டு வாயைப் பொத்தும்."

இன்னொன்றை இரண்டு தடவை அடிக்கோடு போடச் சொன்னார். வீட்டுக்குள் புகை கூடாது. எண்ணெய் கருகக்கூடாது, ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் ஆகாது. சாமி விளக்கு மட்டும். எனக்கு இது புதிதல்ல. பறவைகளின் காற்றுப்பைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன்தானே நான். ஒரு சிறு சொற்பொழிவே செய்தேன். டீச்சருக்குத் திருப்தி.

"ஒரு கிழமையா இவள் ஒரு மாதிரித் திரியிறாள்" என்று பச்சையைக் காட்டினார். "மூலை மூலையாத் துளாவுறாள். தினை டப்பாவுக்குள்ள புகுந்து குந்தியிருக்கிறாள். வடிவாப் பாத்துக்கொள்ளும்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஏன் துளாவுகிறாள் என்று யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்தோம் என்றால் நானும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவும். அக்காவின் கணவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். டீச்சர் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அக்காவின் இடுப்பில் இருக்கும். அக்கா பேசிக்கொண்டே இருப்பார்; மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு "லா" போடுவார். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு நாசி லெமாக் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பால் சோறு என்றதும் இனிப்பாக இருக்குமென்று நினைத்துப் பெரிய உருண்டையாக வாயில் போட்டேன். சம்பல் உறைத்ததில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "டீச்சரே அழல, நீ ஏன் தம்பி அழற?" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். மதியம் டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். அன்று யாரையும் உள்ளே விடவில்லை. நிம்மதியாக நடந்தே திரும்பினேன். வழியில் ஒரு கோப்பிக் கடையில் பால் டீயை ஆளுயரத்துக்கு இழுத்து ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் டீக்கடைக்காரரும் ஆற்றுவார். ஆனால் அவருக்குச் சிந்திவிடுமோ என்ற கவலை முகத்தில் இருக்கும். இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஆற்றினார். இரண்டு குவளை குடித்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒரே வெள்ளைப் புகை.

நடுக் கூடத்தில் லெட்சுமி அக்கா. கையில் தூபக்கால். அதில் கொட்டாங்கச்சித் தணல் நிறையச் சாம்பிராணி. "வெள்ளிக்கெழம லா தம்பி" என்றார் சிரித்த முகத்தோடு. "டீச்சர் இருக்கறப்ப வுடவே மாட்டாங்க. இன்னிக்கி அவங்க கண்ணு நல்லா ஆவணும்னு வேண்டிக்கிட்டு வீடு பூரா போட்டேன்."

"ஐயோ அக்கா, கிளி!"

நோட்டில் இரண்டு கோடு போட்ட வரி மண்டைக்குள் மணியடித்தது. கூண்டின் மேல்வளையத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். வாசல்படியில் கூண்டு சாய்ந்தது. அடித்தட்டு என்று ஒன்று இருக்கிறதே, எச்சத்தை வழித்துப்போட இழுக்கும் தகரம், அது உருவிக்கொண்டு போய்ச் சிமெண்டில் தடாலென்று விழுந்தது. நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்து, என்ன செய்யவேண்டும் என்று நினைப்பதற்குள் ஒரு பச்சைப் பொட்டு என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. கூண்டை மார்போடு சேர்த்து அணைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டேன். உள்ளே மேல்கம்பியைக் கவ்வியபடி ஒன்று மட்டும் இருந்தது. சிறகில் நீலம்.

பின்முற்றத்து ரம்புத்தான் மரம் தலை நிறைய இலையோடு நின்றது. அந்த இலைகளில் எது அவள்?

லெட்சுமி அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டென்று அவருக்குக் கோபம் என் மேல் திரும்பியது. "காலேஜுல என்னா சொல்லிக் குடுக்கற நீ?"

"பறவைகளைப் பத்தி, அக்கா."

"பறக்க வுடறத பத்தியா?"

 இருட்டும்வரை இரண்டு பேரும் மரத்தடியில் அண்ணாந்தபடி நின்றோம்.

சனிக்கிழமை மதியம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனேன். வழி முழுக்க எப்படிச் சொல்வதென்று வாக்கியம் தயாரித்துக்கொண்டே போனேன். சொல்லிவிடுவது என்பதில் சந்தேகமே இல்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொன்னாலும் காது சிவந்துவிடும்.

டீச்சர் மல்லாந்து படுத்திருந்தார். தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. கண்ணில் கட்டு. இருந்த ஒரே கண்ணும் கட்டுக்குள் போய்விட்டதால் அந்த முகத்துக்கு நான் வந்ததே தெரியவில்லை. கட்டில் பக்கம் போவதற்குள் மலாய்க்கார நர்ஸ் என்னை மறித்து, பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் அம்மாவின் மூலம் பேசினார். இருமக்கூடாது, தும்மக்கூடாது, குனியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அழவே கூடாது. தேம்பி அழுதால் தையல் பிரிந்துவிடும். மூன்று வாரத்துக்கு இவர்களை அழவைக்கிற மாதிரி எதையும் சொல்லாதீர்கள், இவர்களுக்கு இருப்பது இந்தக் கண் ஒன்றுதான் என்றார்.

தயாரித்துவைத்த வாக்கியத்தை விட்டுவிட்டுக் கட்டிலோரம் போய் நின்றேன்.

"தம்பியோ? வாரும். நீலன் சாப்பிட்டவனோ?"

"சாப்பிட்டான் டீச்சர்."

"பச்சை?"

"அவளும்... மூலையில ஒளிஞ்சுகிட்டு இருக்கா டீச்சர்."

 டீச்சரின் விரல்கள் போர்வை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. பிறகு, "சரி. வடிவாப் பாத்துக்கொள்ளும்" என்றார். காது சிவந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதே அன்றைக்கு எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் தெரு முழுக்கச் சுற்றினேன். கடை வாசல் நடைபாதையில் ஒரு கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் எல்லோரிடமும் விசாரிப்பதைக் கவனித்துக் கூப்பிட்டார். "வாங்க தம்பி, என்னா தொலைஞ்சிச்சி? சீட்டு எடுத்துடலாம்."

"கிளிங்க."

அவர் கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். "எறக்க வெட்டுனதா?"

"இல்லிங்க."

"அப்ப சீட்டு வேணாம் தம்பி. எம் பொழப்பே எறக்கய வெட்டித்தான் ஓடுது" என்றார். சீட்டு எடுத்து முடித்த அவருடைய கிளி தானாகவே நடந்து பெட்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் காசு வாங்கவில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. அப்பா என்ன செய்வார் என்று யோசித்தேன். வாத்து ஒன்று கூட்டத்தைவிட்டுப் போய்விட்டால் அவர் தேடி ஓடமாட்டார். மிச்சக் கூட்டத்தை அதே இடத்தில் நிறுத்தி, கத்தவிட்டு, வரப்பில் குந்திப் பீடி பற்றவைப்பார். போன வாத்து சத்தம் கேட்டுத் திரும்பி வரும். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நீலன் கூண்டை வெளியே கொண்டுபோய்த் துணி காயப்போடும் இடத்தில் ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். அடித்தட்டைக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றியிருந்தேன். நீலன் சோர்ந்துபோயிருந்தான், முந்தின நாள் தினையில் பாதி அப்படியே கிடந்தது. வெளிச்சம் பட்டதும் கத்த ஆரம்பித்தான். கண்ணாடியில் நகத்தால் கீறினாற்போல மெல்லிய, விடாத சத்தம்.

பத்து மணி இருக்கும். எங்கிருந்தோ ஒரு பதில் வந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். லெட்சுமி அக்கா தோசைச் சட்டுவத்தோடு ஓடி வந்தார். நீலன் கழுத்தை நீட்டி மறுபடி கத்தினான். மறுபடி பதில். பக்கத்தில்தான். உயிரோடுதான். 

ஆனால் ஆள் தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் மொத்தமும் கூடி நின்று ரம்புத்தான் மரத்தைப் பார்த்தது. "அந்தா கொப்புல" என்றார் ஒருவர். "அது எலை, அங்கிள்" என்றது ஒரு குரல். ஏணி போடலாம், வலை கட்டலாம், மரத்தையே வெட்டலாம் என்று ஆளுக்கொரு யோசனை. நான் இரண்டு தடவை மரத்தில் ஏறிச் சிவப்பு எறும்புக் கடியோடு இறங்கினேன். மதியத்துக்குப் பிறகு பதில் சத்தமும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்றும் அதே பொய். "மூலையிலயே இருக்கா டீச்சர்."

"மணியத்தப் போயிப் பாரு" என்றார் அக்கா. "குடுத்தவனுக்குத் தெரியும் லா."

ஆகவே திங்கட்கிழமை கிள்ளான். கோலாலம்பூரிலிருந்து போன பஸ் ஒழுங்காகத்தான் போனது. கிள்ளானில் மாறி ஏறிய பஸ்ஸில்தான் தவறு. மூன்று நாளாகத் தூங்காதவன் ஜன்னலோரம் உட்காரக்கூடாது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது வெளியே வீடே இல்லை. பெரிய பெரிய தொழிற்சாலைக் கொட்டகைகளும் புகைபோக்கிகளும். ஊர்ப் பெயர் மேரு என்றார். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டி அரை மணி நேரமாம். திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக ஒரு தள்ளுவண்டிப் பக்கம் காத்திருந்தேன். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார் வண்டிக்கார அம்மா. பழத்தை எண்ணெயில் போடுவார்களா என்று எங்கள் ஊரில் சிரிப்பார்கள். எனக்கு அழுகையும் பசியும் சேர்ந்து வந்த வேளை அது. இன்னும் இரண்டு வாங்கினேன்.

மணியம் வீட்டில் இல்லை. பந்திங் பக்கம் லோட் கொண்டு போயிருந்தார். அவர் மனைவி செல்வி, முப்பது வயது இருக்கும், மடியில் தினைத் தட்டோடு என்னை உட்காரச் சொன்னார். வீட்டின் பின்கட்டு முழுக்கக் கூண்டுகள். ஒரே கீச்சு மூச்சு.

"அண்ணே வர ராத்திரி ஆவுங்களா?"

"அவரு வந்து என்னா? கிளி வாங்குறது அவரு, பீ அள்ளுறது நானு. எங்கிட்ட கேளுங்க."

நடந்ததைச் சொன்னேன். செல்வி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "ஓடறதுக்கு முன்ன அது எப்பிடி இருந்துச்சி?"

நான் நோட்டைப் பிரித்து வாசித்தேன். மூலை மூலையாகத் துளாவல். தினை டப்பாவுக்குள் புகுந்து உட்காருதல்.

செல்வி சிரிக்க ஆரம்பித்தார். "எல்லாத்தயும் எழுதி வச்சிருக்கீங்க. வாத்தியாருங்க வேலயே இது. அது பொந்து தேடுது சார்! பொட்டைக்கு முட்ட வயித்துல வந்திருச்சி. டீச்சர் வீட்டுல பொந்து ஏது? கதவு தெறந்துச்சி, தேடிப் போயிருச்சி. நீங்க என்னாடான்னா மரத்துல ஏறி எலைய எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"அப்போ?"

"மேல பாக்காதீங்க. ஓட்டையப் பாருங்க. மரப் பொந்து, செவுத்துப் பொந்து, கரையான் புத்து, எது கெடச்சாலும் பூந்துக்கும். ஆம்பளைய வுட்டு ரொம்ப தூரம் போவாது."

இரண்டு கொட்டாங்கச்சியை வாயோடு வாய் வைத்துக் கம்பியால் கட்டி, ஒரு பக்கம் ஓட்டை போட்டு வைத்திருந்த ஒரு பொந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "வந்தா இதுல வைங்க. அப்பறம் நீங்க தொரத்துனாலும் போவாது."

வந்தா என்ற சொல்லைப் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே திரும்பினேன். இந்தத் தடவை தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குவார்ட்டர்ஸில் உள்ள ஓட்டைகளை எண்ணினேன். நல்ல மனிதர்கள் குடியிருக்கிற இடத்தில் இத்தனை ஓட்டைகள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டுக் கூரையின் கீழ் ஏழு. சாக்கடைக் குழாய் மூன்று. தபால் பெட்டி ஒன்று. அதற்குள் கைவிட்டபோது வீட்டுக்காரர் வெளியே வந்து என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். எதிலும் இல்லை.

லெட்சுமி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ரம்புத்தான் நிழலில் இரண்டு இரும்புத் தூண்கள்; ஒவ்வொன்றின் உச்சியிலும் குறுக்காக ஒரு குழாய்; குழாய்களுக்கு இடையில் கொடிக்கயிறுகள். நான் அலைவதைப் பார்த்து அக்கா அலுத்துக்கொண்டார். "ஒனக்கு வேற வேலயே இல்லயா லா. எனக்கு மூணு நாளா இந்தப் பல்லித் தொல்ல. துணி போட வந்தா பைப்புக்குள்ள கெடந்து சொரண்டுது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஈரச் சாரோங் தொப்பென்று கீழே விழுந்தது.

நீலன் கூண்டை ஓடிப்போய் எடுத்து வந்து அந்தத் தூணின் அடியில் வைத்தேன். அவன் ஒரு தடவைதான் கத்தினான். குறுக்குக் குழாயின் வாயிலிருந்து பச்சையாக ஒரு தலை வெளியே வந்து, கீழே பார்த்து, பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. குழாயின் மறுமுனை சிமெண்டால் அடைத்திருந்தது. இத்தனை நாளும் எங்கள் தலைக்கு மேலே ஒரு கையெட்டுத் தூரத்தில்தான் குடியிருந்திருக்கிறாள்.

அப்போதே பிடிக்கவில்லை. பயத்தில் பறந்துவிட்டால்? வெளிச்சம் மங்கும்வரை காத்திருந்தோம். நான் முக்காலியில் ஏறித் தலையணை உறையைக் குழாய் வாயில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா சட்டுவக் காம்பால் மறுமுனையில் மெதுவாக, மிக மெதுவாகத் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். உறைக்குள் ஏதோ கனமில்லாத ஒன்று வந்து விழுந்தது. கையை உள்ளே விட்டு மூடிக்கொண்டேன். கைப்பிடிக்குள் ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்தது. அடுத்த நொடி அந்தச் சின்ன அலகு என் சுட்டுவிரலில் இறங்கி எலும்பைத் தேடியது.

நான் கத்தவில்லை. நோட்டில் எழுதியிருந்தேன்.

கூண்டுக்குள் கொட்டாங்கச்சிப் பொந்தைக் கட்டி, கதவைக் கட்டி, அடித்தட்டை மறுபடி கட்டி, கட்டியதையெல்லாம் ஒருதடவை இழுத்துப் பார்த்தேன். குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். முட்டை எதுவும் இல்லை. நீலன் அவள் தலையையும் கழுத்தையும் விடாமல் கோதினான். அக்கா எனக்கு இட்லி கொண்டு வந்து வைத்தார். எட்டு தின்றேன் என்று பிறகு அவர் எல்லோரிடமும் சொன்னார், எனக்கு நினைவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் டீச்சர் வழக்கம்போலக் கேட்டார். "பச்சை எங்க?"

"கொட்டாங்கச்சிக்குள்ள இருக்கா டீச்சர்!" என்றேன். வார்டு திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் வந்துவிட்டது. நர்ஸ் உதட்டில் விரலை வைத்தார். டீச்சரின் விரல்கள் போர்வையை மடிப்பதை நிறுத்தின. 

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் டீச்சருக்காக வீடு கழுவினோம். வெள்ளிக்கிழமை மாலை லெட்சுமி அக்கா தூபக்காலைத் தெருவில் வைத்தே சாம்பிராணி போட்டார். வாசலுக்கு நேரே நின்று கும்பிட்டுவிட்டு, "சாமி வந்து எடுத்துக்கட்டும் லா" என்று போய்விட்டார்.

சனிக்கிழமை டீச்சர் வீடு வந்தார். கட்டு அவிழ்த்திருந்தது. பாட்டில் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். டாக்ஸியிலிருந்து இறங்கியதும் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நீர் நினைச்சதைவிடக் கறுப்பு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கூண்டுக்கு நடந்தார். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

கூண்டில் நீலன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"எங்க அவள்?"

"உள்ள இருக்கா டீச்சர். அந்தப் பொந்துக்குள்ள."

"தம்பி." டீச்சர் கூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன சனிக்கிழமை நீர் மூலை எண்டு சொல்லேக்கை ஒரு குரல். புதன்கிழமை வேற குரல். முப்பது வருசம் வகுப்பெடுத்தவள் நான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையின்ர குரல் எனக்குத் தெரியாதோ? என்ன நடந்தது?"

சொல்லிவிட்டேன். சாம்பிராணி, அடித்தட்டு, மரம், மேரு, பல்லி எல்லாவற்றையும் நின்றபடி, வகுப்பில் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். சாம்பிராணி வந்த இடத்தில் வாசலில் நின்ற லெட்சுமி அக்கா ஒரு அடி பின்னால் போனார். என் காது எரிந்தது.

சொல்லி முடிக்கும்போது நீலன் தாவிப்போய்க் கொட்டாங்கச்சியின் வாயில் தொற்றிக்கொண்டான். உள்ளிருந்து பச்சைத் தலை வெளியே வந்தது. அவன் ஊட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள். போகும்போது உள்ளே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அரை நெல்லிக்காய் அளவு.

டீச்சர் கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கே விளங்கிப்போட்டுது, அவள் பறந்து போயிட்டாள் எண்டு" என்றார். "அழுதால் கண் போயிடும். கண் போனால், அவள் திரும்பி வந்தாலும் நான் எப்பிடிப் பாக்கிறது? பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான்."  பிறகு குரல் கொஞ்சம் கரகரத்தது. "தம்பி, இப்ப அழலாமோ?"

விரல்விட்டு எண்ணினேன். "இன்னும் ரெண்டு வாரம் கூடாது டீச்சர்."

பின்னால் ஒரு பெரிய கேவல் கேட்டது. வாசலில் லெட்சுமி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க அழாதீங்க டீச்சர். நான் அழறேன் லா, உங்களுக்கும் சேத்து."

"அழுறதெண்டால் வெளியில போய் அழும்" என்றார் டீச்சர், கூண்டை விட்டுத் திரும்பாமல். "கிளி பயந்துபோம்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே பின்வாசல் வழியாகப் போய், துணிக்கொடித் தூணைப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாக அழுதார்.